ஒரு நாள் ஏரிக்கு மூன்று மாத ஆயத்தம்

சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மரை வலம் வர வேண்டுமானால் குன்றைத்தான் சுற்றி வர வேண்டும். மூலவர் குடைவரைக்குள் பாறையோடு பாறையாக இருக்கிறார். அவருக்குப் பின்னால் தனியாக ஒரு சுற்று கிடையாது. விடிகாலையில் அப்படிச் சுற்றுகிறவர்களில் ஒன்பது பேர் பேசிப் பழகி ஒரு குழுவானோம். பள்ளிக்கூடம், ரயில்வே, மறைமலைநகர்த் தொழிற்சாலை என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் ஓய்வை நெருங்குகிறவர்களும்தான் எல்லோரும்.

ஒரு நாள் எங்களில் ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். சுற்றிலும் பனிச் சிகரங்கள், நடுவில் கண்ணாடி போல ஓர் ஏரி, கரையில் ஒரு குருத்வாரா. உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்திலுள்ள ஹேம்குண்ட் சாகிப். பக்கத்திலேயே லட்சுமணனுக்கும் ஒரு கோவில் உண்டு. காங்கரியா என்ற சிற்றூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் ஏற்றம். காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். "ஆறு கிலோமீட்டர்தானே, நாம தினமும் நடக்கறதுதானே" என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

தினமும் நடப்பது உண்மை. ஆனால் அந்த ஆறு கிலோமீட்டரில் நாலாயிரம் அடிக்கு மேல் உயர வேண்டும். ஏரி இருப்பது பதினான்காயிரம் அடிக்கும் மேலே. எங்கள் குழு போய் வந்தது, நடுவழியில் உடம்பு முடியாமல் போன ஒருவரையும் அவரோடு இறங்கிய இருவரையும் தவிர. அந்த ஒருவருக்கு நேர்ந்ததையும், அது நேராமல் தடுத்திருக்கக்கூடிய வழிகளையும் சொல்லவே இதை எழுதுகிறேன். இப்போது நம் பக்கத்திலிருந்து நிறையப் பேர் இந்த மாதிரி மலை ஏரிகளுக்குக் கிளம்புகிறார்கள்.

தெற்கே எந்த மலையும் கற்றுத்தராத பாடம்

நம் ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று போட்டிருப்பார்கள். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை எந்த ஊரானாலும் அது இரண்டு இலக்கம்தான். அந்த உயரத்துக்குப் பழகிய உடம்பு நம்முடையது.

"வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறினவன் சார் நான்" என்று சொல்கிறவர்கள் உண்டு. கால் பலத்துக்கு அது நல்ல சான்று. ஆனால் தமிழ்நாட்டில் மிக உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். ஏரிக்கு ஏறத் தொடங்கும் முன்பு நாம் படுத்துத் தூங்கப்போகிற காங்கரியாவோ ஏறக்குறைய 3,050 மீட்டர். அங்கே கட்டிலில் படுத்திருக்கும்போதே ஆனைமுடி உச்சியைவிட மேலே இருக்கிறோம். உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும் என்பதால், நம் உடம்பு அதற்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பர்வதமலையிலோ சதுரகிரியிலோ தெரிந்துகொள்ள வழியில்லை.

மேலே காற்றில் ஆக்சிஜன் பங்கு குறைவதாகப் பலர் நினைக்கிறார்கள். பங்கு எங்கும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். காங்கரியாவில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம். ஏரிக்கரையில் 60 சதவீதம். உடம்பு இதைச் சமாளிக்க வேகமாக மூச்சு வாங்கும், இதயம் கூடுதலாகத் துடிக்கும், சில நாள் போனால் ரத்தமும் தன்னை மாற்றிக்கொள்ளும். அந்தச் சில நாளை நாம் கொடுக்காமல் ஏறும்போதுதான் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி, தூக்கமின்மை எல்லாம் வருகின்றன.

உடற்பயிற்சி செய்தவருக்கு இது வராது என்பது ஆபத்தான நம்பிக்கை. இதை உலகத்துக்கு விரிவாக எடுத்துக்காட்டியவர்களில் நம் நாட்டு ராணுவ மருத்துவர்களும் உண்டு. சமவெளியிலிருந்து இமயமலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட 1,925 படைவீரர்களிடம் இந்த நோயைக் கவனித்து, இந்தர் சிங்கும் அவருடைய சகாக்களும் 1969இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் எழுதினார்கள். அந்த வீரர்களைவிடவா நாம் திடகாத்திரம்?

காபி குடிக்காத தலைவலி

எங்கள் குழுவில் ஒரு டீச்சரம்மா. ஐம்பத்தாறு வயது. நடையில் எங்கள் எல்லோரையும் முந்துகிறவர். காங்கரியாவில் தங்கிய இரவுக்கு மறுநாள் காலை நாலரை மணிக்கு எழுந்தபோது நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுமில்ல சார், நேத்துலேர்ந்து நம்ம காபி கிடைக்கல, அதான்" என்றார். ராத்திரி சரியாகத் தூக்கமில்லை என்றார். புது இடம் என்று நினைத்தோம். பராத்தாவை ஒரு வாய் பிட்டு வைத்துவிட்டார்; எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது. மூன்றும் சேர்ந்து ஒரே காரணத்தைச் சொல்கின்றன என்பது யாருக்கும் தோன்றவில்லை. பயண ஏற்பாடு முழுவதையும் பார்த்துக்கொண்ட எனக்கும் தோன்றவில்லை. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

காலுக்கு ஓய்வாக இருக்கட்டும் என்று அவருக்குக் கோவேறு கழுதை ஏற்பாடு செய்தோம். அது இன்னொரு தவறு. கழுதையின் மேல் போகிறவர் நடக்கிறவரைவிடச் சீக்கிரம் உயரம் போய்விடுகிறார். கால் தப்பித்தாலும் மூளைக்கும் நுரையீரலுக்கும் அவகாசம் இன்னும் குறைகிறது. காங்கரியாவுக்கே ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

நாலாவது கிலோமீட்டரில் இறங்கி வாந்தி எடுத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும். எழுந்து நடந்தபோது கால் ஒன்றுக்கொன்று பின்னியது. "அம்மா, இன்னும் கொஞ்ச தூரம்தாம்மா" என்றான் உடன் வந்த மகன். தள்ளாட்டத்தைப் பார்த்தபின் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. நானும் அந்தப் பையனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கீழே கூட்டி வந்தோம். காங்கரியாவில் மருத்துவ முகாமில் ஆக்சிஜன் வைத்துவிட்டு, "இங்கேயும் தங்காதீர்கள், இன்னும் கீழே போங்கள்" என்றார்கள். மாலைக்குள் ஆறாயிரம் அடி உயரத்திலிருக்கும் கோவிந்த்காட்டுக்கு இறங்கிவிட்டோம். அடுத்த நாள் காலை அவரே காபி கேட்டார்.

காபியை நிறுத்தினால் தலைவலி வருவது உண்மைதான். அதனால்தான் இந்தக் குழப்பம். தினமும் இரண்டு டம்ளர் குடிக்கிறவர் மலைக்குப் போகும்போதும் அதை விடாமல் குடிக்கட்டும். இன்ஸ்டன்ட் காபிப் பொட்டலம் நாலு எடுத்துப்போனால் போதும். குடித்தும் தலைவலி போகாவிட்டால் அது உயரத்தின் வேலைதான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். எட்டாயிரம் அடிக்கு மேல் புதிதாக வரும் தலைவலியை, வேறு காரணம் உறுதியாகும்வரை, உயரத்தின் நோயாகவே கருத வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் அரிச்சுவடிப் பாடம்.

எழுந்தவுடன் அறையிலேயே ஒருவரையொருவர் கேளுங்கள்: தலை வலிக்கிறதா, சாப்பிடத் தோன்றுகிறதா, தூங்கினீர்களா? பிறகு தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, குதிகாலை அடுத்த காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தலைவலி மட்டும் இருப்பவர் அன்று ஏறக் கூடாது, அங்கேயே ஓய்வெடுக்கலாம். கோட்டில் தள்ளாடுகிறவர், பேச்சு குழறுகிறவர், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குகிறவர் ஆகியோரை ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கீழே இறக்க வேண்டும். மூளையில் வீக்கம் அல்லது நுரையீரலில் நீர்கோத்தல் தொடங்கியிருக்கலாம். இரண்டும் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியவை. இவர்களைத் தனியாக இறங்க விடக் கூடாது.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் எடுத்துப்போங்கள். ஆனால் அதன் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். விரல் குளிர்ந்திருந்தாலும் நகச்சாயம் இருந்தாலும் அது தப்பாகக் காட்டும். எண் நன்றாக இருந்து ஆள் தள்ளாடினால், ஆளைத்தான் நம்ப வேண்டும்.

கற்பூரம், சிறிய உருளை, டையமாக்ஸ்

கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்தால் ஆக்சிஜன் கூடும் என்று யாத்திரைப் பேருந்திலெல்லாம் சொல்கிறார்கள். கூடாது. மூக்கில் குளிர்ச்சி தெரியும், அவ்வளவே. கடைகளில் விற்கும் கையடக்க ஆக்சிஜன் உருளை சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதை இழுத்துக்கொண்டே மேலே ஏறலாம் என்று நினைப்பது தவறு.

டையமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் அசெட்டாசோலமைடு மாத்திரை உடம்பு உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்தும். வழக்கமாக ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி வரும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்று மருந்துக்கடையில் நேராகக் கேட்டு வாங்குவது வேண்டாம். மாத்திரை போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் தலைவலியோடு ஏறுவதும் வேண்டாம்.

யார் முதலில் டாக்டரிடம் போக வேண்டும்

நாற்பது தாண்டியவர்கள் எல்லோரும். மூன்று மாதம் முன்பே போய்விடுவது நல்லது, ஏனென்றால் ஏதாவது தெரிய வந்தால் சரிசெய்ய நாள் வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி பார்த்துவிட்டு, தேவை என்றால் டிரெட்மில் சோதனைக்கு அனுப்புவார்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. படி ஏறும்போது நெஞ்சு இறுகுகிறவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், முன்பு உயரத்தில் ஒருமுறை நுரையீரலில் நீர்கோத்தவர்கள் இந்தப் பயணத்தை டாக்டர் அனுமதியின்றி நினைக்கவே கூடாது.

பெண்களுக்கு ஒரு சோதனையை அழுத்திச் சொல்கிறேன்: ஹீமோகுளோபின். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. கிடைக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் சுமந்துபோக ரத்தத்தில் ஆள் குறைவு என்றால் மேலே திணறல் இரட்டிப்பாகும். இரும்புச்சத்து மாத்திரை பலன் தர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் கிளம்புவதற்கு முந்தைய வாரம் சோதித்துப் பயனில்லை.

சர்க்கரை நோயாளிகள் இன்சுலினைப் பையின் வெளி அறையில் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் வீண். பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே உடம்புச் சூட்டில் இருக்கட்டும். சர்க்கரை பார்க்கும் கருவியும் குளிரில் தப்பாகக் காட்டும், அதையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட ஏற்றத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும். மாத்திரை, ஊசி அளவை அன்று ஒரு நாளைக்கு மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

திருக்கழுக்குன்றத்தில் எட்டு முறை

நம் ஊர்க் குன்றைச் சுற்றுவது நல்ல தொடக்கம். ஆனால் அது சமதளம். ஏறிப் பழக நமக்கு வாய்த்த இடம் திருக்கழுக்குன்றம். வேதகிரீஸ்வரர் மலை ஏறத்தாழ ஐந்நூறு அடி, ஐந்நூற்றுக்கும் அதிகமான படிகள். காங்கரியாவிலிருந்து ஹேம்குண்ட் போவது, உயரக் கணக்கில், அதை எட்டு முறை ஏறுவதற்குச் சமம்.

முதல் மாதம் ஞாயிறுதோறும் ஒரு முறை ஏறி இறங்கினோம். இரண்டாம் மாதம் இரண்டு. மூன்றாம் மாதம் முதுகில் ஐந்து கிலோ பையோடு மூன்று. வார நாள்களில் அடுக்குமாடிப் படிக்கட்டும் ரயில்வே மேம்பாலப் படியும் உதவின. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கோடையில் ஆறரை மணிக்குள் முடித்துவிடுங்கள், வெயிலில் பயிற்சி செய்து மயங்கி விழுவதில் ஒரு பயனும் இல்லை.

இறங்குவதையும் பயிற்சியாக நினைத்துச் செய்ய வேண்டும். மலையில் முட்டி போவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். சின்னச் சின்ன அடியாக, முட்டியை லேசாக மடித்து, இரண்டு கையிலும் கம்பு ஊன்றி இறங்கினால் பாரம் பாதியாகத் தெரியும். ஷூவைப் புறப்படும் வாரம் வாங்காதீர்கள். எங்களில் ஒருவர் அப்படி வாங்கி, இறங்கும்போது இரண்டு கால் பெருவிரல் நகமும் கறுத்துப் பிறகு விழுந்தே போயின. அரை அளவு பெரிதாக வாங்கி, இரண்டு மாதம் போட்டு நடந்து, கிளம்பும் முன் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

வழியில் தூங்கும் இரவுகள்

லீவு மூன்று நாள்தான் என்று ரிஷிகேசத்திலிருந்து ஒரே மூச்சில் கோவிந்த்காட், அங்கிருந்து காங்கரியா, மறுநாள் ஏரி என்று போகிறவர்கள் பலர். நாங்களும் அப்படித்தான் போனோம். இன்னொரு முறை திட்டமிட்டால் இப்படித்தான் போடுவேன்: ஆறாயிரம் அடியை ஒட்டிய ஜோஷிமட்டில் ஓர் இரவு. அடுத்த நாள் நடந்து காங்கரியா. அதற்கடுத்த நாள் ஏரிக்குப் போகாமல் பக்கத்திலுள்ள பூக்கள் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்கு மெல்ல நடந்துவிட்டு மறுபடி காங்கரியாவிலேயே தூக்கம். பகலில் கொஞ்சம் மேலே போய்விட்டு இரவில் கீழே வந்து தூங்குவது உடம்பைப் பழக்கும் நல்ல வழி. பூக்கள் பள்ளத்தாக்கு 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் என்பதால் அந்த நாள் வீணாகும் என்ற கவலையும் இல்லை. மறுநாள் ஏரி.

கூடுதலாகச் செலவாவது ஒன்றிரண்டு நாள். அந்த நாள்கள் இருந்திருந்தால் டீச்சரம்மா ஏரியைப் பார்த்திருப்பார் என்றே நம்புகிறேன். இந்த இரவுகளில் மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. இரண்டுமே தூக்கத்தில் மூச்சை இன்னும் மந்தமாக்கும்.

ஏறும் நாள்

ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். ஏதோ ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான். கோவிலுக்குப் போகிறோம் என்று வெறும் வயிற்றில் ஏறுவதை நம்மவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். விரதத்தை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். மேலே பசி மந்தமாகும், அதனால் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், பொருளங்கா உருண்டை மாதிரி ஒரு வாயில் போடக்கூடியதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு முக்கால் மணிக்கொரு தரம் சாப்பிடுங்கள். குருத்வாரா லங்கரில் கிச்சடியும் சூடான டீயும் தருவார்கள். அந்தக் குளிரில் அது அமிர்தம்.

வழியில் கழிப்பறை எங்கே இருக்கும் என்ற பயத்தில் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் ஏறுகிறார்கள். எங்கள் குழுவிலும் அது நடந்தது. நீர்வற்றல் தலைவலியை மோசமாக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கரைத்து, வாய் வாயாகக் குடித்துக்கொண்டே போக வேண்டும். கழிப்பறை எங்கே என்று முதல் நாளே கடைக்காரர்களிடம் விசாரித்து வைப்பது குழுத் தலைவரின் பொறுப்பு. மருத்துவ முகாம் எங்கே என்பதையும் அப்போதே.

பருத்தி பனியன் நம் ஊருக்கு நல்லது, அங்கே ஆகாது. வேர்வையில் நனைந்தால் காயாது. காற்று அடித்ததும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். விளையாட்டுக்காரர்கள் போடும் ஜெர்சித் துணி உள்ளே, கம்பளி நடுவில், மழையும் காற்றும் புகாத மேல்சட்டை வெளியே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குளிர் கூடும். வெயிலின் புற ஊதாக் கதிரும் மேலே போகப்போகக் கடுமையாகும் என்பதால் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் வேண்டும். ஜூனில் போனால் பாதையில் பனி கிடக்கும். அதில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைப் பழுதாக்கும்.

ஏரியில் முங்கி எழும் வழக்கம் உண்டு. தீர்த்தமாடும் ஆசை நமக்கும் இருக்கும். ஆனால் மூச்சிரைக்க ஏறி வந்த உடம்பை உறைநிலையை ஒட்டிய நீரில் சட்டென்று இறக்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

திரும்பும் நேரம்

ஹேம்குண்டில் இரவு தங்க அனுமதி இல்லை; பிற்பகல் 2 மணிக்குள் எல்லோரையும் இறங்கச் சொல்லிவிடுகிறார்கள். நம் கணக்கில் அதையும் முன்னால் தள்ளி, 12 மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்புவது என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஏரி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி.

2024 ஜூனில் இதே உத்தராகண்டில் சஹஸ்த்ர தால் என்ற உயர மலை ஏரிக்குக் கர்நாடகத்திலிருந்து சென்ற 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் இறந்தார்கள். அந்த ஏரிக்குப் பல நாள் நடை, ஹேம்குண்ட் ஒரு நாள் நடை என்றாலும், மேலே வானிலை மாறும் விதம் ஒன்றுதான். நனைந்த உடையில், காற்றில், உடம்புச் சூடு எவ்வளவு வேகமாக இறங்கும் என்பது நம் சென்னைப் பக்கத்துக்காரர்களுக்கு அனுபவத்தில் தெரியாது. நமக்குத் தெரிந்தது நெருப்பின் கதை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்து சென்றவர்களும் அவர்களில் உண்டு. அதனால் முந்தைய நாள் வானிலை அறிவிப்பைப் பார்ப்பது, மாநில அரசின் யாத்திரைப் பதிவை முடிப்பது, உள்ளூர்க்காரர் "இன்னைக்கு வேண்டாம்" என்றால் கேட்டுக்கொள்வது ஆகிய மூன்றையும் யாத்திரைச் சடங்கு போலவே கடைப்பிடியுங்கள்.

கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள்: 12 மணிக்குத் திரும்புவோம், யாருக்காவது தலைவலியோ வாந்தியோ வந்தால் அவரோடு ஒருவர் கட்டாயம் இறங்குவார், அவரை யாரும் "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று சொல்லி வற்புறுத்தமாட்டோம். மேலே போனபின் ஆசையும் களைப்பும் சேர்ந்து நம்மைத் தெளிவாக முடிவெடுக்க விடாது. கீழே இருக்கும்போதே முடிவெடுத்துக்கொள்வது நல்லது.

டீச்சரம்மா மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கழுக்குன்றம் ஏறுகிறார். இந்த முறை ஜோஷிமட்டில் ஓர் இரவு, காங்கரியாவில் மூன்று இரவு என்று அவரே போட்டுவைத்திருக்கிறார். ஹேம்குண்ட் பாதை மே கடைசியை ஒட்டித் திறந்து அக்டோபர் இரண்டாம் வாரத்தை ஒட்டி மூடப்படும். செப்டம்பரில் போக நினைப்பவர்கள் ஜூன் முதல் வாரமே ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.